யாருடைய உள்ளம் ஆய்வுக்குரியது?

தகவல் தொடர்புத் தொழில்நுட்பங்கள் மனித உள்ளத்தில் விளைவிக்கும் மாற்றங்களைப் பற்றி இந்தியப் பல்கலைக்கழகங்களில் எழுதப்படும் ஆய்வேடுகளை அடுக்கிவைத்துப் பார்ப்பவருக்கு ஒன்று எளிதில் விளங்கும். அவற்றில் இடம்பெறும் மனிதர் பெரும்பாலும் ஒருவரே. வயது 18 முதல் 25 வரை. கல்லூரி மாணவர். கையில் திறன்பேசி, கண்ணில் உறக்கமின்மை. அவருக்கு நேர்ந்துவிட்டதாகச் சொல்லப்படும் கேடும் ஒன்றே: அடிமைத்தனம். ஆய்வேட்டின் இறுதி அத்தியாயத்தில் அவருக்கு வழங்கப்படும் அறிவுரையும் ஒன்றே: தன்னடக்கம். 140 கோடி மக்கள் வாழும் நாட்டில் இத்தொழில்நுட்பங்களால் உள்ளம் கலங்கியவர் இவர் ஒருவர்தாம் என்று அந்த அடுக்கு உறுதி கூறுகிறது.

இந்த ஆய்வு மரபு தவறான மனிதரிடம் தவறான கேள்வியைக் கேட்கிறது என்பதே இங்கு முன்வைக்கப்படும் குற்றச்சாட்டு. தொழில்நுட்பத்தை விரும்பிப் பயன்படுத்துவோரின் உள்ளத்தை அது திரும்பத் திரும்ப அளக்கிறது. யார்மீது தொழில்நுட்பம் பயன்படுத்தப்படுகிறதோ அவர்களின் உள்ளத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. முன்னவரைப் பயன்படுத்துவோர் என்றும் பின்னவரை ஆட்படுவோர் என்றும் அழைக்கலாம். இந்தியாவில் ஆட்படுவோரின் தொகை சிறியதன்று. அவர்கள் இழப்பதும் இரவு உறக்கத்தை மட்டுமன்று. கூலியை, அரிசியை, சில வேளைகளில் உயிரை.

முதலில் ‘அடிமைத்தனம்’ என்னும் சொல்லின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1995ஆம் ஆண்டில் நியூயார்க் மனநல மருத்துவர் ஐவன் கோல்ட்பர்க், ‘இணைய அடிமைநோய்’ என்று ஒரு நோயைக் கற்பித்து, அதற்குரிய அறிகுறிகளையும் வரிசைப்படுத்தி வெளியிட்டார். மனநோய்க் கையேடுகளின் போக்கைப் பகடி செய்வதே அவர் நோக்கம். பகடியை உலகம் மெய்யாக எடுத்துக்கொண்டது. கிம்பர்லி யங், சூதாட்ட நோயைக் கண்டறியும் அளவைகளைத் தழுவி இணையப் பயன்பாட்டுக்கு அளவைகள் வகுத்தார். 1998இல் அவர் வெளியிட்ட 20 வினாக்கள் கொண்ட சோதனை நாடெங்கும் பரவியது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, இணைய விளையாட்டு ஒன்றை மட்டும், அதையும் மேலும் ஆராயத்தக்கவை என்னும் பகுதியில் வைத்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 11ஆம் நோய் வகைப்பாடு 2022இல் நடைமுறைக்கு வந்தபோது விளையாட்டு நோயை ஏற்றுக்கொண்டது. திறன்பேசி அடிமைத்தனம் என்ற பொது நோய் இவ்விரண்டிலும் இல்லை. எனினும் இந்தியத் துறைகளில் அது ஐயத்துக்கு அப்பாற்பட்ட நோயாகவே கருதப்படுகிறது; நோய் உண்டா என்ற வினாவைத் தாண்டி, எத்தனை விழுக்காட்டினருக்கு உண்டு என்ற வினாவிலிருந்தே ஆய்வுகள் தொடங்குகின்றன.

அளவையின் நிலை இவ்வாறிருக்க, அளந்து கண்டது என்ன? ஆமி ஓர்பன், ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கி இருவரும் அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய நாடுகளைச் சேர்ந்த மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரின் தரவுகளைப் பகுத்து 2019இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மனநலத்தில் காணப்படும் வேறுபாட்டில் மிகுதியாய்ப் போனால் 0.4 விழுக்காட்டையே தொழில்நுட்பப் பயன்பாடு விளக்குகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. உருளைக்கிழங்கு உண்பதற்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பும் ஏறத்தாழ அதே அளவினதே என்று அவர்கள் ஒப்பிட்டுக் காட்டினர். 2021இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, திரையில் செலவிட்டதாக மக்கள் சொல்லும் நேரமும் கருவி பதிவுசெய்யும் நேரமும் நடுத்தர அளவிலேயே ஒத்துப்போகின்றன என்று காட்டியது. ‘ஒரு நாளில் எத்தனை மணி நேரம்?’ என்ற ஒற்றை வினாவின்மேல் எழுப்பப்பட்ட ஆய்வேடுகள் அனைத்துக்கும் இது ஓர் எச்சரிக்கை. எதிர்த்தரப்பும் வலுவானதே. ஜோனதன் ஹைட் 2024இல் வெளியிட்ட நூல், ஒரு தலைமுறையின் மனநலச் சீர்குலைவுக்குத் திறன்பேசியே முதற்காரணம் என்று வாதிடுகிறது. அறிவுலகில் இவ்வழக்கு இன்னும் தீர்க்கப்படவில்லை.

துன்புறும் பிள்ளைகள் உண்டு என்பதை எவரும் மறுக்க வேண்டியதில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2014இல் தொழில்நுட்பப் பயன்பாட்டுச் சிக்கல்களுக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கியது; அதன் வாயிலுக்கு வரும் பெற்றோரின் கண்ணீர் பொய்யன்று. இங்குப் பூசல் மருத்துவரோடு அன்று. தன் வாயிலுக்கு வருவோரைக் கவனிப்பது மருத்துவரின் கடமை. வாயிலுக்கு வர இயலாதோரைத் தேடிச் செல்வது ஆய்வாளரின் கடமை. இந்த இரண்டாம் கடமை கைவிடப்பட்டது என்பதே வழக்கு.

ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 2019-21 காலகட்டத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்தியிருந்தோர் 33.3 விழுக்காட்டினர், ஆண்களில் 57.1 விழுக்காட்டினர். ஊரகப் பெண்களில் அது 24.6 விழுக்காடு. அதன்பின் எண்ணிக்கை உயர்ந்திருக்கலாம். ஆயினும் ‘இணையத்தைப் பயன்படுத்தாதவர்’ என்று அக்கணக்கெடுப்பு குறித்த பெண்ணை இணையம் விட்டுவைத்ததா? அவருடைய குடும்ப அட்டை இணையத்தில் இருந்தது. கூலி இணையத்தின் வழியே வந்தது. விரல்ரேகை இணையத்தில் சரிபார்க்கப்பட்டது. அவர் இணையத்தைத் தொடவில்லை. இணையம் நாள்தோறும் அவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. பயன்படுத்துவோரை மட்டுமே மாதிரியாக எடுக்கும் ஆய்வு, தன் வரையறையாலேயே அவரை வெளியே நிறுத்திவிடுகிறது.

நியாயவிலைக் கடையை எண்ணிப் பாருங்கள். 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்கப்படாததால் குடும்ப அட்டை நீக்கப்பட்டது, பட்டினியால் மகள் இறந்தாள் என்றது குடும்பம். மலேரியா என்றது அரசு. அதே ஆண்டு இறுதியில் ஜான் திரேஸும் உடன் ஆய்வாளர்களும் அம்மாநிலத்தில் ஆதார்வழிச் சரிபார்ப்பு ஏழைகளுக்கு வேதனையை மட்டுமே தந்ததோ என்ற வினாவோடு தம் கள ஆய்வை வெளியிட்டனர். பின்னர் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகியோர் அங்கே நடத்திய பரிசோதனை ஆய்வு, சரிபார்ப்பு தனியாகக் கசிவைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை என்றும், முன்பே ஆதாரைப் பதிவு செய்யாதிருந்த பயனாளிகள் பெற்ற பொருளின் மதிப்பு 10 விழுக்காடு குறைந்தது என்றும் கண்டது.

இவர்கள் அனைவரும் பொருளியலாளர்கள். அரிசியை எண்ணினார்கள், அது அவர்கள் துறையின் வேலை, செவ்வனே செய்தார்கள். எண்ணப்படாதது வேறொன்று. மண்ணிலும் கல்லிலும் உழைத்துத் தேய்ந்த விரலைக் கருவி ஏற்க மறுக்கிறது. துடைத்து மீண்டும் வைக்கச் சொல்கிறார்கள். மற்றொரு விரல். மற்றொரு கை. பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. நாற்பது ஆண்டுகளாக ஊரே பெயர் சொல்லி அழைத்துவந்த ஒருவரிடம், ‘நீ நீதான் என்பதற்குச் சான்று இல்லை’ என்று ஓர் இயந்திரம் ஊரார் முன்னிலையில் கூறுகிறது. அந்த நொடியில் அவர் உள்ளத்தில் நிகழ்வது என்ன? அடுத்த மாதம் கடைக்குப் புறப்படும்போது அவர் நெஞ்சு எவ்வாறு துடிக்கிறது? அவமானம், பதற்றம், தன் உடல்மீதே ஐயம் ஆகியவை உளவியலின் பாடப்பொருள் இல்லையென்றால் வேறெது?

பணித்தளத்துக்கு வருவோம். ஊரக வேலையுறுதித் திட்டத்தில் கைப்பேசிச் செயலிவழி வருகைப்பதிவு 2021 மே மாதம் அறிமுகமாகி, 2023 ஜனவரி 1 முதல் ஏறத்தாழ எல்லாப் பொதுப்பணித் தளங்களிலும் கட்டாயமாக்கப்பட்டது. நாளுக்கு இருமுறை தொழிலாளரைப் படம்பிடித்து, இடக்குறியீட்டோடு ஏற்ற வேண்டும். அலைக்கற்றை கிடைக்காவிட்டால் கூலி கேள்விக்குறி. காலைப் பங்கை முடித்துவிட்ட பெண், வீட்டில் குழந்தை காத்திருக்க, பிற்பகல் படத்துக்காக வெயிலில் நிற்க நேர்ந்தது. இத்தனையும் ஊழலைத் தடுக்கவே என்று சொல்லப்பட்டது. 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், தொடர்பற்ற படங்களும் படத்தைப் படம்பிடித்த படங்களும் ஏற்றப்படுவதாக ஒப்புக்கொண்டு, படங்களை மனிதர்களே சரிபார்க்க வேண்டும் என்று பணித்தது. ஏய்ப்பவர் வழி கண்டுபிடித்துக்கொண்டார். உழைத்தவர் ஐயத்துக்குரியவராகவே நின்றார்.

நகரத்திலும் இதுவே நடந்தது. சண்டிகர், நாக்பூர் உள்ளிட்ட நகரங்களில் துப்புரவுத் தொழிலாளர் கையில் இருப்பிடம் காட்டும் கைக்கடிகாரம் கட்டப்பட்டது. சண்டிகரில் 2020இல் அதை எதிர்த்துப் போராடினர். கழிவறைக்குச் செல்லும்போதும் எவரோ பார்ப்பாரோ என்று அஞ்சுவதாகப் பெண் தொழிலாளர் கூறியது நாளிதழ்களில் பதிவாயிற்று. சாதியால் காலங்காலமாக இழிவு சுமத்தப்பட்ட ஒரு சமூகத்தின் கையில், நீ வேலை செய்கிறாயா என்று நொடிதோறும் கேட்கும் ஒரு கருவியைப் பூட்டினால் அந்த இழிவு எவ்வாறு புதுவடிவம் கொள்கிறது என்பது, இந்தியச் சமூக உளவியல் எழுப்பியிருக்க வேண்டிய முதற்கேள்விகளுள் ஒன்று. அதன் ஆய்விதழ்களிலோ மாணவர்தம் ‘திரை நேரம்’ கோலோச்சுகிறது.

இனி, தொழில்நுட்பம் பறிக்கப்பட்டவர்கள். கைப்பேசி கையில் இல்லாதபோது எழும் அச்சத்துக்கு ‘நோமோபோபியா’ என்று பெயரிட்டு, கல்லூரிகள்தோறும் அதை அளந்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் ஜம்மு காஷ்மீரில் 2019 ஆகஸ்ட் தொடக்கத்தில் தொலைபேசியும் இணையமும் ஒருசேர நிறுத்தப்பட்டன. 2020 ஜனவரி 10 அன்று அனுராதா பசின் வழக்கில், காலவரையற்ற இணைய முடக்கம் ஏற்கத்தக்கதன்று என உச்சநீதிமன்றம் கூறியது. அதன்பின்னும் அதிவேக இணையம் முழுமையாகத் திரும்ப 2021 பிப்ரவரி ஆயிற்று. மணிப்பூரில் 2023 மே மாதம் தொடங்கிய முடக்கம் பல மாதங்கள் நீண்டது. வெளியூரில் படிக்கும் மகன் உயிரோடிருக்கிறானா என்று அறிய வழியின்றித் தவித்த தாயின் அச்சத்துக்கு எந்த அளவுகோல்? விடுதி மாணவர் ஒரு மணி நேரம் கைப்பேசியைப் பிரிந்ததற்குக் கிரேக்க வேர்ச்சொல்லில் நோய்ப்பெயர் உண்டு. ஒரு மக்கட்கூட்டம் பல மாதங்கள் உலகத்திலிருந்து பிரிக்கப்பட்டதற்கு ‘நிர்வாக நடவடிக்கை’ என்பதே பெயர். ஒவ்வொரு துறையும் தன் நூலக அடுக்கைத் திறந்து, முதலாவதைப் பற்றி எத்தனை ஏடுகள், இரண்டாவதைப் பற்றி எத்தனை என்று எண்ணிப் பார்க்கட்டும்.

வதந்திக் கொலைகளிலும் இதே கோணல் உண்டு. 2018 ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ராயின்பாடா ஊரில், பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியால் நாடோடிச் சமூகத்தினர் ஐவர் அடித்துக் கொல்லப்பட்டனர். அம்மாதமே வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாதவாறு வரம்பிட்டது. அறிவுலகம் கையிலெடுத்த விளக்கமோ ‘ஊடக எழுத்தறிவின்மை’. சகுந்தலா பனாஜியும் ராம் பட்டும் 2019இல் வெளியிட்ட ஆய்வு இவ்விளக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கியது: பகிர்பவரை இயக்குவது அறியாமையைக் காட்டிலும் முன்பே ஊறியிருக்கும் வெறுப்பும் சார்புமே என்று அது வாதிட்டது. இவ்விவாதத்திலும் மையத்தில் நிற்பவர் பகிர்பவரே. அந்நாளுக்குப் பின் இன்னோர் ஊருக்குள் நுழையுமுன் ஒரு நாடோடிக் குடும்பம் எல்லையில் நின்று என்ன எண்ணுகிறது என்பது யாருடைய ஆய்வுத் தலைப்பு?

இதற்கு மறுப்புகள் எழும். ‘இவை நிர்வாகக் குறைபாடுகள், உளவியலுக்கு இங்கு வேலையில்லை’ என்பது முதல் மறுப்பு. தேர்வு முறையும் ஒரு நிர்வாக ஏற்பாடே. தேர்வு அச்சம் உளவியலின் பழம்பெரும் தலைப்பாக இருக்கிறது. நடுத்தர வர்க்கத்துப் பிள்ளையின் அச்சம் உளவியல், கூலிப்பெண்ணின் அச்சம் நிர்வாகம் என்று பிரிப்பது அறிவியல் ஆகாது.

‘ஏழைகளும் அடிமையாகிறார்கள், சூதாட்டச் செயலிகளில் பணமிழந்து மாய்கிறார்கள்’ என்பது இரண்டாவது. உண்மை. ஆனால் அங்கும் ‘அடிமை’ என்ற சொல் பாதியை மறைத்துவிடுகிறது. கடன் செயலிகளைப் பாருங்கள். கடன் வாங்கியவரின் கைப்பேசியிலிருந்த தொடர்புப் பட்டியலையே அடமானமாகக் கொண்டு, உறவினர், நண்பர், மேலாளர் அனைவருக்கும் செய்தியனுப்பி அவமானப்படுத்திப் பணம் பிடுங்கினார்கள். இதன் விளைவாய்த் தற்கொலைகள் நேர்ந்தன. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் படக்கோப்புகளையும் அணுகக் கூடாது என்று நெறிமுறை வகுக்க வேண்டியதாயிற்று. இறந்தவர் செயலிக்கு அடிமையானவரா, அதை வடிவமைத்தவரின் பிடியில் அகப்பட்டவரா?

‘களத்துக்குச் செல்ல நிதியில்லை, காலமில்லை, கருவியில்லை’ என்பது மூன்றாவது. இதில் நேர்மை உண்டு. வகுப்பறையில் வினாநிரலைச் சுற்றுக்கு விட்டால் ஒரே நாளில் 200 விடைகள் கிடைக்கும். கட்டுரை ஆறு மாதத்தில் அச்சேறும். ஹென்ரிக், ஹைன், நோரென்சயான் மூவரும் 2010இல், மேலைநாட்டு மாணவரை ஆராய்ந்துவிட்டு மனித குலம் முழுவதையும் பற்றிப் பேசுகிறது உளவியல் என்று சாடியபோது இந்திய அறிஞர்கள் கைதட்டினார்கள். பின்னர் தம் கல்லூரி மாணவரை ஆராய்ந்துவிட்டு இந்தியாவைப் பற்றிப் பேசினார்கள். மேலைநாட்டுச் சாய்வைக் கண்டித்தவர்கள் அதன் உள்ளூர்ப் பதிப்பை வெளியிட்டார்கள்.

இயலாது என்று சொல்வோருக்கு இந்நாட்டின் வரலாறே விடை தருகிறது. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, செயற்கைக்கோள்வழிக் கல்வித் தொலைக்காட்சிப் பரிசோதனை ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களில் நடந்தது. பெட்டியைக் கொண்டுபோய் வைத்ததோடு நிற்காமல், அது மனிதரை என்ன செய்கிறது என்று அறியச் சமூக அறிவியலாளர்களையும் உடன் அனுப்பினார்கள். மானிடவியலாளர்கள் சிற்றூர்களில் மாதக்கணக்கில் தங்கினார்கள். யார் பெட்டியின் முன் அமர்கிறார், யார் ஓரத்தில் நிற்கிறார், யார் வரவே இல்லை என்று குறித்தார்கள். தொலைபேசியையே காணாத ஊர்களில், ஏழ்மை மிகுந்த காலத்தில் அது நடந்தது. அரை நூற்றாண்டு கடந்து, நூறு கோடி மக்களின் விரலையும் விழியையும் முகத்தையும் தொட்ட பெருந்திட்டங்களோடு அத்தகைய ஒரு குழுவும் அனுப்பப்படவில்லை. அனுப்புக என்று பல்கலைக்கழகங்களும் உரத்துக் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. ‘அடிமைத்தனம்’ எல்லோருக்கும் வசதியான சொல். நோய் தனிமனிதரிடம் இருக்கிறது; மருந்து அவருடைய மனவுறுதியில் இருக்கிறது. செயலியை வடிவமைத்த நிறுவனம் தப்பிவிடுகிறது. கருவியைக் கட்டாயமாக்கிய அரசும் தப்பிவிடுகிறது. 2024-25ஆம் ஆண்டுக்கான பொருளாதார ஆய்வறிக்கை இளைஞர் மனநலத்தைப் பற்றிப் பேசுமிடத்தில் ஹைட்டின் நூலைச் சுட்டியது. அமெரிக்க இளைஞரைப் பற்றிய நூல் தில்லிக்கு எட்டிவிட்டது. தன் சொந்தச் செயலியின் முன் இருமுறை நிற்கவைக்கப்பட்ட பெண்ணின் மனநலத்தைப் பற்றி எட்டுவதற்கு அங்கே நூலே இல்லை. எழுதியிருக்க வேண்டியவர்கள் மாணவரின் திரை நேரத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரே கருவியைப் பற்றி இந்நாடு இரு கட்டளைகள் இடுகிறது. ஒரு வகுப்பாரிடம் ‘கைப்பேசியைக் கீழே வை, மனம் அமைதி பெறும்’ என்கிறது. மற்றொரு வகுப்பாரிடம் ‘கைப்பேசி இன்றிக் கூலி இல்லை, ரேகை இன்றி அரிசி இல்லை’ என்கிறது. முதற்கட்டளையை விளக்க ஆயிரம் கருத்தரங்குகள். இரண்டாவதன்கீழ் வாழும் உள்ளத்தைப் பற்றி அரங்கில் அமைதி. இணைய நோன்பு என்பது நோன்பை முறித்தபின் உணவு கிடைக்கும் என்று தெரிந்தவருக்கே இயலும்.

செய்ய வேண்டியது மறைபொருள் ஒன்றுமன்று. நெறியாளர்கள், ‘கல்லூரி மாணவரிடையே திறன்பேசி அடிமைத்தனம்’ என்று வரும் அடுத்த முன்வரைவைத் திருப்பிக் கொடுத்து, இவ்வூர் நியாயவிலைக் கடையில் மாதத்தின் முதல் வாரம் முழுவதும் உட்கார்ந்துவிட்டு வரச் சொல்லட்டும். வினாநிரலுக்கு முன்னால் மக்களின் சொற்களைத் திரட்டட்டும். அஞ்சுதல், கூசுதல், காத்துக்கிடத்தல் ஆகியவற்றுக்கு ஒவ்வோர் இந்திய மொழியிலும் உள்ள சொற்களிலிருந்து அளவைகள் பிறக்கட்டும். ஆட்படுவோரை மட்டுமன்றி, கருவியை இயக்கும்படி ஏவப்பட்ட கடைக்காரரையும் அங்கன்வாடிப் பணியாளரையும் பணித்தள மேற்பார்வையாளரையும் கேட்கட்டும். இயந்திரத்தின் மறுப்பை மனித முகத்தோடு சொல்ல வேண்டிய சுமை அவர்களுடையது. சமூகத்தின்மேல் ஒரு கருவியைக் கட்டாயமாக்கும் அரசாணை எதுவாயினும், உள்ளத்தின்மீது அதன் விளைவை ஆராய்ந்த அறிக்கை உடன்வர வேண்டும் என்று அறிவியல் கழகங்கள் கோரட்டும். அணைக்கட்டுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கேட்கும் நாடு, 100 கோடிப் பேரின் விரலைப் பிடிக்கும் திட்டத்துக்கு அதில் ஒரு பங்கேனும் கேட்பது மிகையாகாது.

உளவியல் தன்னை மனித உள்ளத்தின் அறிவியல் என்று அழைத்துக்கொள்கிறது. எந்த மனிதரின் உள்ளம் என்ற கேள்விக்கு இந்தியத் துறைகள் இதுவரை அளித்த விடை, அவற்றின் நூலக அடுக்குகளில் தூசி படிந்து நிற்கிறது. அடுத்த ஆண்டு பதிவுசெய்யும் ஆய்வாளரின் தலைப்பில்தான் அந்த விடை மாற முடியும்.